காது கேளாமை ஒரு சாட்சியமா?



1692ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி. இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த மாசசூசெட்ஸில், சேலம் என்னும் ஊரின் நீதிமன்றத்தில் 71 வயது மூதாட்டி ஒருவர் நிறுத்தப்பட்டிருந்தார். அவர் பெயர் ரெபெக்கா நர்ஸ். (நர்ஸ் என்பது கணவரின் குடும்பப் பெயர், அவர் செவிலியர் அல்லர். அந்த ஊருக்கும் நம் சேலத்துக்கும் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு உறவு கிடையாது.) எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், நோயாளி, காதும் மந்தம். சூனியம் செய்து சிறுமிகளை வதைக்கிறார் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டு. அண்டை அயலார் 39 பேர், அவர் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

ஜூரிகள் முதலில் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? குற்றமற்றவர்! உடனே குற்றம் சாட்டிய சிறுமிகள் நீதிமன்றமே அதிரும்படி அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் ஜூரிகளுக்கு ஒன்றை நினைவூட்டினார். சிறையில் இருந்த இன்னொரு பெண் சாட்சி சொல்ல வந்தபோது, 'இவளும் எங்களில் ஒருத்திதானே' என்னும் பொருள்பட ரெபெக்கா ஏதோ சொல்லியிருந்தார். அப்படியானால் இருவரும் சூனியக்காரிகள் என்றுதானே பொருள்? ஜூரிகளின் தலைவர் ரெபெக்காவிடமே விளக்கம் கேட்டார். அவர் பதில் பேசவில்லை. அந்த மௌனமே குற்றத்துக்குச் சான்றாயிற்று. தீர்ப்பு மாறியது.

'என்னோடு சிறையிலிருக்கும் கைதி என்ற பொருளில்தான் சொன்னேன். எனக்குக் காது மந்தம், துயரத்திலும் இருந்தேன். கேட்டது காதில் விழவில்லை' என்று பின்னர் அவர் எழுதிக் கொடுத்தார். கவர்னர் தண்டனையை நிறுத்தி வைத்தார். பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜூலை 19ஆம் நாள் ரெபெக்கா தூக்கிலிடப்பட்டார். அவருடைய தங்கை மேரி ஈஸ்டிக்கும் செப்டம்பரில் அதே முடிவுதான். அந்த ஆண்டு மொத்தம் 19 பேர் தூக்கில் தொங்கினர்.

'அந்தக் காலத்து மக்கள் படிப்பறிவில்லாதவர்கள்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்ட உங்களுக்குத் தோன்றலாம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூட்டனின் 'பிரின்சிபியா' வெளியாகி அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டோட்டன் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். விசாரணைகளை ஆதரித்து நூல் எழுதிய பாதிரியார் காட்டன் மாதர், 1721இல் பாஸ்டனில் அம்மை குத்திக்கொள்ளும் முறைக்காக ஊரையே எதிர்த்து நின்றவர். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்! படிப்புக்கு அங்கே பஞ்சமில்லை.

அப்படியானால் கோளாறு எங்கே? எதைச் சான்றாக ஏற்றார்கள் என்பதில்தான் என்பது என் கருத்து. 'ரெபெக்காவின் ஆவி வந்து என்னைக் கிள்ளியது' என்றாள் ஒரு சிறுமி. அந்த ஆவி அவள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். 'நான் அன்று என் வீட்டில் படுத்த படுக்கையாக அல்லவா இருந்தேன்' என்று ரெபெக்கா சொல்லலாம். பயன்? உடம்பு வீட்டில் இருந்தால் என்ன, ஆவிதானே வந்தது என்பார்கள். எந்த உண்மையைக் கொண்டும் பொய் என்று காட்டவே முடியாத கூற்று இது. இத்தகைய கூற்றுக்கு எதிரே நல்ல பெயர், 39 கையெழுத்து, முதுமை எதுவும் எடுபடாது.

ரெபெக்காவின் உடலில் சூனியக்காரியின் அடையாளம் இருக்கிறதா என்று பெண்கள் குழு ஒன்று சோதித்தது. ஏதோ தடிப்பு இருப்பதாக எழுதினார்கள். ஆனால் அவர்களில் மூத்தவரும் அனுபவசாலியுமான ஒருத்தி, இது இயற்கையாக ஏற்பட்டதே என்று மறுத்ததாக ரெபெக்கா நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். வேறு அனுபவசாலிகளைக் கொண்டு மறுபடியும் சோதியுங்கள் என்றும் கேட்டார். பாருங்கள், அந்த ஊரில் அறிவியலாளர்போல் பேசியவர் அந்த மூதாட்டிதான்!

1976இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரை என்னும் தானியத்தில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையின் நஞ்சு ரொட்டியில் கலந்து, சிறுமிகளுக்கு வலிப்பும் மாயக் காட்சிகளும் உண்டாகியிருக்கலாம் என்றது அது. கேட்கச் சுவையாக இருக்கிறது. இன்றும் பலர் இதையே எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பும் வந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். முதல் விசாரணையில் ரெபெக்கா கழுத்தைச் சாய்த்தபோது குற்றம் சாட்டிய பெண்ணின் கழுத்தும் அப்படியே சாய்ந்து நின்றதாகக் குறிப்பு இருக்கிறது. ரொட்டியில் உள்ள நஞ்சுக்கு ரெபெக்காவின் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்படித் தெரியும்? போகட்டும், சிறுமிகளுக்கு நஞ்சே ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். நீதிபதிகளுக்கு என்ன ஏறியிருந்தது?

அக்டோபரில் கவர்னர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் கூடியது. தலைமை நீதிபதி அதே ஸ்டோட்டன். ஐந்து நீதிபதிகளில் நால்வர் பழையவர்கள். மாறியது ஒன்றே ஒன்று: ஆவியைக் கண்டதாகச் சொல்வது இனிச் சான்றாகாது. விளைவு? மூவரைத் தவிர, விசாரிக்கப்பட்ட அனைவரும் குற்றமற்றவர்கள் எனப்பட்டனர். ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அதைப்போல!

அந்த மூவரையும் கவர்னர் தூக்கிலிருந்து காப்பாற்றினார். அவர்களில் ஒருத்தி எலிசபெத் ஜான்சன் என்னும் இளம்பெண். 1711இல் ரெபெக்கா உட்படப் பலரின் தண்டனையை அரசு நீக்கியபோது எலிசபெத்தின் பெயர் விடுபட்டுப்போயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் சட்டப்படி சூனியக்காரியாகவே இருந்தார். மாசசூசெட்ஸில் வடக்கு ஆண்டோவர் என்ற ஊரின் பள்ளி மாணவர்கள், உங்களைவிடச் சிறியவர்களாகக்கூட இருக்கலாம், பழைய ஆவணங்களைப் படித்து இதைச் சட்டமன்றத்தின் முன் கொண்டுபோனார்கள். 2022இல் எலிசபெத் ஜான்சனின் பெயரும் நீக்கப்பட்டது.