மூக்கு ஆபரேஷன்தானே சார்?

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. 'தொற்று' என்ற வார்த்தை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரத்தம், சதை எல்லாம் வரும், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

2021 மே, ஜூனை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலை ஓயுமுன்பே கருப்புப் பூஞ்சை வந்தது. சர்க்கரை எகிறியவர்கள், ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45 ஆயிரம் பேருக்கு மேல் பாதிப்பு, 4 ஆயிரத்துக்கு மேல் சாவு என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. மகாராஷ்டிரமும் குஜராத்தும்தான் முதல் இரண்டு இடம். நான் பிழைக்க வந்த நாக்பூர் அதில் நடுநாயகமாக இருந்தது.

ஆம்போடெரிசின் என்று மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லைப்போசோமல் வகை என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300, அதாவது 50 மில்லிகிராம் குப்பியில் 6. (கணக்குப் போடாமல் இருக்க முடியாது, தொழில் அப்படி.) 2021 ஜூன் 12-ல் ஜிஎஸ்டி கவுன்சில் இதன் 5 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. நல்ல காரியம். ஆனால் வரியில்லாத மருந்தும் செத்த சதைக்குள் போகாது. இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். அதற்கப்பால் உள்ள சதை செத்துக் கறுத்துப்போகும். மருந்து ரத்தத்தோடுதானே போகவேண்டும்? ரத்தமே நின்றுவிட்டது. ஆகவே வெட்டித்தான் எடுக்கவேண்டும். எதுவரை? வெட்டிய இடத்தில் நல்ல ரத்தம் கசியும் வரை.

இதைச் செய்கிறவர்தான் சைனஸ் மற்றும் மண்டையோட்டு அடித்தள அறுவை நிபுணர். மூக்கின் கூரைதான் மூளைக்குத் தரை. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்குத் துவாரத்தில் விட்டு, திரையைப் பார்த்தபடி வேலை. பக்கச் சுவருக்கு அப்பால் கண். அந்த எலும்புக்கு லத்தீனில் வைத்த பெயருக்கே காகிதத் தகடு என்றுதான் அர்த்தம். பின்கோடியில் ஸ்பினாய்டு அறை, அதன் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனியும். கூரையும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இல்லை. கேரோஸ் என்பவர் 1962-லேயே அந்தப் பள்ளத்தை மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றாவது வகையில் 8 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கும். ஸ்கேனைச் சரியாகப் படிக்காமல் கை வைத்தால் மூளைநீர் ஒழுகும். இதையும் ஒரே தடவையில் முடிக்க முடியாது. சில நாள் கழித்து மறுபடி உள்ளே பார்த்து, கறுத்தது இருந்தால் மறுபடி வெட்டவேண்டும்.

"மூக்கு ஆபரேஷன்தானே சார், எதுக்கு இவ்வளவு பில்?" என்று கேட்ட டிபிஏ ஆசாமியை நான் பார்த்திருக்கிறேன்.

போகட்டும், அந்த பில்லாவது இழுபறிக்குப் பிறகு பாஸ் ஆனது. என் கோபம் அடுத்த பில் மேல். எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், ஒரு பக்க மேல்தாடையை அண்ணத்தோடு சேர்த்து இழந்தார். டீ குடித்தால் மூக்கு வழியே வந்துவிடும். பேசினால் போனில் யாருக்கும் புரியாது. புக்கிங் ஆபீஸில் போன்தானே பிழைப்பு? காலில் இருந்து எலும்பெடுத்துத் தாடையைக் கட்டலாம் என்றார் டாக்டர். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய பதில்: இது அழகு சிகிச்சை, தர இயலாது.

பொடி எழுத்தைப் படித்தேன். 2019-ல் ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த விலக்குகளில் எட்டாவது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் சீரமைப்பதாக இருந்தால் உண்டு. தொற்று அந்தப் பட்டியலில் இல்லை. அதே தாடையைப் புற்றுநோய் தின்றிருந்தால் பணம் வரும், பூஞ்சை தின்றால் வராது. என்ன நியாயம் சாமி இது?

அதே பத்தியில், உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவை என்றால் உண்டு என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்களே என்று காப்பீட்டு நண்பர்கள் வாதாடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் தாடை கட்டப் போகிறவனுக்கு எங்கே உடனடி ஆபத்து? பூஞ்சை முழுசாகப் போய்விட்டது என்று உறுதியான பிறகுதானே கட்டவே முடியும்! டாக்டர் பொறுத்திருந்து ஒழுங்காக வேலை பார்த்ததே கிளைமுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனசுதான் தீர்ப்பு.

பட்டியலில் ஒரு காற்புள்ளி போட்டுத் 'தொற்று' என்று சேர்க்கச் சொன்னால், பிரீமியம் ஏறும், ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்கிறார்கள். மூக்கை அழகாக்க நினைப்பவன் பூஞ்சையைத் தேடிப்போய் வாங்கிக்கொள்ள மாட்டான் ஐயா. பயாப்ஸி அறிக்கை இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, எந்த எலும்பை எவ்வளவு எடுத்தோம் என்று சர்ஜன் எழுதிய ஆபரேஷன் குறிப்பு இருக்கிறது. நாங்கள் வீட்டுக்கடன் கொடுக்கக் கேட்டு வாங்குகிற எந்தக் காகிதமும் அவ்வளவு கெட்டியாக இருந்ததில்லை.