நவம்பர் 2 பின்னேரம் வகுப்பு வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கோ.

நவம்பர் 2 மரித்த ஆன்மாக்களின் தினம். அண்டைக்குப் பின்னேரம் குருநகர்ச் சனம் சேமக்காலைக்குப் போகும். அதற்கு முன்னமே புல்லுச் செருக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருப்பார்கள். மெழுகுதிரி, பூ, சுவாமியின் மந்திரிப்பு. ஐப்பசி மழை என்றால் ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் திரி கொளுத்துவார். அந்த நேரத்தில்தான் எங்கட பிள்ளைகளில் பாதிப் பேர் ரியூசனில் இருக்கிறார்கள். சில இடங்களில் பரீட்சையும் வைக்கிறோம். இது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கதைத்தபோது, "அது பறங்கி கொண்டு வந்தது தானே" என்றார். உண்மைதான், 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரோடு வேரூன்றிய வழக்கம். அவர்களின் நாட்டில் இப்பவும் நவம்பர் 1 காலையில் பிள்ளைகள் துணிப்பையோடு வீடு வீடாகப் போய் "கடவுளுக்காகப் பாண்" கேட்பார்கள். அங்கே அது இலையுதிர் காலம். பாணும் பணியாரமும் அத்திப்பழமும் கொட்டைகளும் பையில் விழும். நாங்கள் சம்பலோடு சாப்பிடும் பாணும் அவர்களின் சொல்தான். கதிரை, அலுமாரி, யன்னலும் அப்படித்தான். அவற்றை யாரும் பறங்கியின்ர என்று வீதியில் எறியவில்லையே!

1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடை செய்து குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் கோவையில் இருந்து, அதாவது இந்தியாவின் கோவாவில் இருந்து, ஒளித்து வரும்வரை சனம் சுவாமிமார் இல்லாமலே தங்கட வழிபாட்டைக் காப்பாற்றியது. அப்படிக் காத்தது எப்படி இன்னும் அந்நியருடையதாக இருக்கும்?

"உங்கட மார்க்கத்தில் இல்லாததுக்கு நீங்கள் ஏன்?" என்றும் கேட்கிறார்கள். கப்றுக்குப் போய் ஸலாம் சொல்லித் துஆக் கேட்பது எங்களுக்கும் சுன்னத். திரி கொளுத்துவதில்லை, அவ்வளவுதான். சைவச் சனத்துக்கு ஆடி அமாவாசையும் சித்திரா பௌர்ணமியும் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கு. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் எங்களை இந்த நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எங்கட மையவாடியில் கிடந்த மூத்தவர்களுக்கு ஸலாம் சொல்ல ஆளில்லை. அந்த நாளும் இந்த நாளும் ஒரே கிழமையில்தான் வருகின்றன. போக முடியாமல் இருந்தவனுக்குத்தான் போவது என்னவென்று தெரியும்.

குருநகருக்கு இது சும்மா ஒரு சடங்கு இல்லை. 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் 30க்கும் மேற்பட்ட மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13 யாகப்பர் ஆலயத்தில் விமானக் குண்டு விழுந்தது. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள்தான் இப்ப எங்கட வகுப்பில் இருக்கிறார்கள். அப்பப்பாவின் பெயரைக் கல்லறையில் வாசிக்கும் பிள்ளைக்கு அண்டைக்கு வேறு பாடம் எதற்கு?

நான் கேட்பது பெரிய விடுமுறை இல்லை. நவம்பர் 2 பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வகுப்பு, பரீட்சை, பயிற்சி ஒன்றும் வேண்டாம். விட்ட பாடத்தை அடுத்த சனிக்கிழமை எடுக்கலாம், நான் எடுக்கிறேன். ரியூசன் நடத்தும் தம்பிமார் இப்பவே நேரசூசியைப் பாருங்கோ. பெற்றோர் அதிபர்மாரிடம் வாய் திறந்து கேளுங்கோ.