குடிக்கூலி உடன்படிக்கை தமிழில் வேண்டும்!

வீராணத்து நீர் 2004 முதல் குழாய்வழியே சென்னைக்குச் செல்கின்றது. அவ்வேரிக்கு அண்மையிலுள்ள குமராட்சியிலிருந்து பிழைப்பு நாடிச் செல்லும் இளைஞனுக்கோ, அங்குத் தங்க ஓர் அறை எளிதில் கிடைப்பதில்லை!

2015-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே மாநகரத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் நிலையத்திற்கு அருகில் என்றாலே குடிக்கூலி உயர்கின்றது. வாயிலில் 'டூ லெட்' எனும் பலகை. உள்ளே சென்றால் பலவிடத்தும் முதல் வினா சாதி. அடுத்தது பத்துத் திங்கள் முன்பணம். இறுதியில் நீட்டப்படுவது பெரும்பாலும் ஆங்கில உடன்படிக்கை.

தீங்கு அங்குத்தான் ஒளிந்துள்ளது. வீட்டுரிமையாளர், குடியிருப்போர் ஆகியோரின் உரிமைகள் பற்றி 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், மூன்று திங்கள் குடிக்கூலிக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கின்றது. ஆயின், இருவரும் வேறாக உடன்பட்டிருப்பின் அவ்வரம்பு பொருந்தாது! அவ்வுடன்பாடு எந்த வரியில் உள்ளதென அறியாமலே அவன் கையொப்பமிடுகின்றான். சட்டம் அளித்த காப்பை அறியாமொழி பறித்துக் கொள்கின்றது.

வீடுடையோரும் தமிழர், குடிபுகுவோரும் தமிழர், இடையில் ஆங்கிலம் எதற்கு? வீடுடையோர் 'குடிக்கூலிக்கு' என்றே பலகையில் எழுதுக! குடிபுகுவோர் தமிழ் உடன்படிக்கையே கேட்க! அரசு, தமிழில் எழுதியதையே பதிவுக்கு ஏற்க! படித்துணராத தாளில் இனி எந்தத் தமிழனும் கையொப்பமிடலாகாது!