மலைக்கும் புயல் உண்டு

புயல் என்றவுடன் நம் நினைவு கடற்கரைக்கே செல்கின்றது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகின்றது. மீனவர் கடலுக்குச் செல்லலாகாதென அறிவிக்கப்படுகின்றது. காற்றின் வேகம் மணிக்கு மணி சொல்லப்படுகின்றது. இவையெல்லாம் வேண்டுவனவே. 1864-ஆம் ஆண்டின் பெரும்புயல் கல்கத்தாவைப் பாழாக்கியபின், 1865-இல் அத்துறைமுகத்திற்கென முதன்முதல் ஏற்பட்ட எச்சரிக்கை முறை இன்று நம் கரை முழுவதையும் காக்கின்றது. ஆனால் ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்கு அக்கூண்டு தெரியாது. அதன் எண்ணும் பொருள்படாது. மலைக்கும் புயல் உண்டென்பதை நாம் இன்னும் உணர்ந்திலேம்.

பண்டைத் தமிழில் புயல் என்னும் சொல் மேகத்தையும் மழையையுமே குறித்தது. பிற்காலத்தில் அது கடுங்காற்றைக் குறிக்கலாயிற்று. பொருள் மாறியதோடு நம் கருத்தும் மாறிற்று. காற்று ஓய்ந்தால் புயல் ஓய்ந்ததென்று நம்புகின்றோம். மலைநாட்டார்க்கோ பழம்பொருளே மெய்ப்பொருள். அவர்க்குப் புயலாவது மழையே.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. ஃபெஞ்சல் என்னும் புயல் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. மறுநாள் அது வலுவிழந்ததென அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு உண்மையே. ஆயினும் அந்நாள் மாலையிலேயே திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து எழுவர் மாண்டனர். அவருள் ஐவர் சிறுவர். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கிலுள்ள ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளை மூழ்கடித்தது. வலுவிழந்தது காற்று, மழையன்று.

பிறநாட்டிலும் இஃதுண்டு. 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சாம்பற் புதனையொட்டி, அமெரிக்காவின் கீழ்க்கரையை ஒரு பெரும்புயல் தாக்கியது. கரையில் கடல் வீடுகளை அடித்துச் சென்றது. அதே புயல் வர்ஜீனியாவின் மலைகளில் மூன்றடிக்கு மேற்பட்ட பனியைக் குவித்தது. குறிஞ்சியும் நெய்தலும் இலக்கணத்தில் வேறு. புயல் அவ்வேறுபாட்டை அறியாது. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிரும்போது அதன் நீர் அங்கேயே மழையாய் இறங்குகின்றது. அந்நீர் பள்ளம் நோக்கியே பாயும். ஜவ்வாது மலையிற் பிறக்கும் செய்யாறு பாலாற்றொடு கலந்து கடலைச் சேர்கின்றதன்றோ? எனவே மலையின் செய்தி மலைக்கு மட்டும் உரியதன்று.

மலைவாழ் மக்கள் வானத்தை நம்மினும் நன்கறிவர். அவர்க்கு எச்சரிக்கை எதற்கென்று சிலர் வினவலாம். தம் மலைமேற் கூடும் மேகத்தை அவர் அறிவர். சாமை விதைக்கும் காலத்தை அதனாலேயே கணிப்பர். ஆனால் வங்கக் கடலின் நடுவில் இன்று உருவாகும் சுழல் நாளைமறுநாள் தம் சரிவில் எத்துணை நீரைக் கொட்டுமென்பதை எவ்வாறு அறிவர்? அதனை வானிலை நிலையமே சொல்லல் வேண்டும். எந்த ஓடை முதலிற் பெருகும், எந்தச் சரிவு இளகும் என்பதை அவரே சொல்லல் வேண்டும். இவ்விரு அறிவும் கூடினாலன்றி எச்சரிக்கை நிறைவுறாது. பலமுறை எச்சரித்து மழை பொய்த்தால் மக்கள் நம்பாரென்பாரும் உளர். பொய்த்த எச்சரிக்கையால் இழப்பது ஒருநாட் கூலி. வாராத எச்சரிக்கையால் இழப்பது உயிர்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. மலைக்குரிய அறிவிப்பு காற்றின் வேகத்தை மட்டும் கூறாது, மழையின் அளவையும் சரிவின் இடரையும் எளிய தமிழிற் கூறுக. பள்ளிகளும் நியாயவிலைக் கடைகளும் அதனை ஊர்தோறும் சேர்ப்பிக்க. மலைப்பள்ளிதோறும் ஒரு மழைமானி நிறுவப்படுக. நம் கல்லூரி மாணவர் விடுமுறையிற் சென்று அதனைப் படித்தெழுதும் முறையைச் சிறுவர்க்குக் கற்பிக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

நோவா பேழையைச் செய்தது வெள்ளம் வந்தபின் அன்று. அடுத்த கார்த்திகைக்கு முன்னரே நாமும் தொடங்குவோமாக.