ஆள் போயாச்சு, சாமான் கிடக்குது! பூட்டை உடைக்கலாமா? வீட்டுக்காரர்கள் தவிப்பு

மதுராந்தகம்:-

கதவில் வாடகைக்காரர் போட்ட பூட்டு. போன் சுவிட்ச் ஆப். மூணு மாச வாடகை பாக்கி. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி. வீட்டுக்காரர் என்ன செய்வார்? பொறுத்துப் பார்த்துவிட்டு பூட்டை உடைப்பார். ஆகிற சாமானை காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, 'வாடகை பாக்கியில கழிச்சாச்சு' என்பார்.

அங்கேதான் வம்பு ஆரம்பம்.

நம்ம பக்கத்தில் இது புதுசு இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வடமாநிலத் தொழிலாளர்கள் கையில் கிடைத்த பையோடு ஊருக்கு ஓடினார்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாச வாடகை கேட்கக்கூடாது, காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை என்று மத்திய அரசே அப்போது உத்தரவு போட்டது. 2022-ல் மறைமலைநகர் போர்டு கார் கம்பெனியில் உற்பத்தி நின்றது. வேலை போனால் ரூமும் காலிதான். பண்டம் பாத்திரத்தை லாரி ஏற்ற காசு ஏது?

வீட்டுக்காரரும் பண்ணையார் இல்லை. கடன் வாங்கி மாடியில் ஒரு ஷீட் வீடு போட்டவர்தான் அதிகம். அவருக்கும் வயிறு இருக்கு. ஆனாலும் அட்வான்ஸ் வேறு, சாமான் வேறு.

தமிழக வாடகைச் சட்டம் 2017-ல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை பாக்கியை அட்வான்சில் கழித்துக்கொண்டு, மீதியை காலி செய்த ஒரு மாசத்துக்குள் திருப்பித் தரணும் என்பது அதன் கணக்கு. சாமானை வீட்டுக்காரரே விலை போட்டு எடுத்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது. அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே விற்றால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவில் கேஸ் வரலாம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும், கையில் சிக்கிய பிறர் பொருளை சொந்தப் பொருள் மாதிரி பார்த்துக்கொள்ளணும் என்றுதான் சொல்கிறது.

அப்போ பூட்டை என்னதான் செய்வது? அவர் தந்த ஊர் விலாசத்துக்கு பதிவுத்தபால் போடுங்கள், தேதி குறிப்பிட்டு. பதில் இல்லையா? போலீசில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாடகைத் தகராறை விசாரிக்க துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரி உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்தால் வழி சொல்வார்கள். முறைப்படி திறக்கும்போது அக்கம்பக்கத்தார் ரெண்டு பேர் இருக்கட்டும். சாமானை செல்போனில் படம் பிடித்து, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, மூட்டை கட்டி வையுங்கள். கேஸ் சிலிண்டர் அவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. கம்பெனி சொத்து. ஏஜென்சியில் சொல்லிவிடுங்கள்.

கட்டில் போனால் போகட்டும். டிரங்குப் பெட்டிக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பத்திரம் இருக்கும். அதை குப்பை வண்டியில் தள்ளிவிட்டால் அந்தக் குடும்பம் எத்தனை ஆபீஸ் படி ஏறணும்? வாடகை பாக்கிக்காக அதைப் பிடித்து வைப்பதும் அராஜகம்தான்.

இத்தனைக்கும் மூல காரணம், வாய்ப்பேச்சிலேயே வீடு விடுவது. எழுதி ஒப்பந்தம் போட்டு பதிவு செய்யணும் என்று அதே சட்டம் சொல்லுது. நம்ம தெருவில் எத்தனை வீட்டுக்கு அது இருக்கு? அடுத்த ஆளுக்கு சாவி கொடுக்கும்போது ஊர் விலாசம், சொந்தக்காரர் ஒருவரின் போன் நம்பர், சொல்லாமல் போனால் சாமானை எத்தனை நாள் வைத்திருப்பது, யாரிடம் கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.