பழைய காருக்குப் புது இன்ஜினா? முதல்ல பிரேக்கை மாத்துங்க!

யூடியூபில் பழைய அமெரிக்க கார்களைப் புதுப்பிக்கும் வீடியோக்களைப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சி பழகியிருக்கும். துருப்பிடித்த ஒரு குட்டி கார் கேரேஜுக்குள் வருகிறது. சில எபிசோடுகளில் பெரிய வி8 இன்ஜின் ஏறுகிறது. பெயின்ட் பளபளக்கிறது. கடைசியில் டயர் புகைய ஒரு ரவுண்டு. லைக்ஸ் குவிகின்றன.

ஆனால், அந்த கார் எப்படி நிற்கும் என்று யாராவது கேட்கிறார்களா? வீட்டில் கார் புதுப்பிக்கும் பலர் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே என் கருத்து. இன்ஜின் கடைசியில் வர வேண்டும். பிரேக், சீட் பெல்ட், தரைத்தகடு மூன்றும்தான் முதலில்.

அப்படி என்ன கார் இது?

உதாரணத்துக்கு 1960 மாடல் ஃபோர்டு ஃபால்கனை எடுத்துக்கொள்வோம். படகு மாதிரி நீண்ட அமெரிக்க கார்களுக்கு நடுவே சின்னதாக, சிக்கனமாக வந்தது. முதல் வருடமே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2.4 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின். சக்தி 90 குதிரைத்திறன். 1964-ல் வந்த புகழ்பெற்ற மஸ்டாங், இதே ஃபால்கனின் அடித்தளத்தில்தான் பிறந்தது. அதனால் இன்றும் உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. எளிமையான இன்ஜின் வேறு. வீட்டிலேயே கழற்றி மாட்ட ஏற்ற கார்தான், சந்தேகமில்லை.

சிக்கல் எங்கே?

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறி பிடிமானம் குறையும். தண்ணீரில் நனைந்தாலும் அதே கதைதான். அதைவிடப் பெரிய ஆபத்து மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம் இது. ஃபால்கனில் இதற்கு ஒரே ஒரு அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால், நான்கு சக்கர பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பெடல் தரையைத் தொடும். கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரட்டை அறை வைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். அமெரிக்காவின் ராம்ப்ளர் கார்களில் 1962-லேயே இது வந்துவிட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் காத்திருந்தன. 1965-ல் ரால்ஃப் நாடர் கார்களின் பாதுகாப்புக் குறைகளை அம்பலப்படுத்திப் புத்தகம் எழுதினார். 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் இரட்டை பிரேக் அமைப்பு, சீட் பெல்ட், மோதலில் ஓட்டுநரின் நெஞ்சை நோக்கிப் பாயாத ஸ்டீயரிங் தண்டு எல்லாம் புதிய கார்களுக்குக் கட்டாயம் ஆயின.

கவனியுங்கள், *புதிய* கார்களுக்கு மட்டும். அதற்கு முன்பே விற்ற கார்களை இந்த விதிகள் தொடவில்லை. பல மாநிலங்களில் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. ஆக, 1960 கார் 1960 பிரேக்கோடு இன்றைய நெடுஞ்சாலையில் ஓடலாம். சட்டம் கேட்காத கேள்வியை, ஸ்பேனர் பிடிப்பவர்தான் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சக்தியைக் கூட்டினால் என்ன தப்பு?

தப்பில்லை. ஃபோர்டு நிறுவனமே செய்தது. 1963 மாடல் ஆண்டின் நடுவில், ஃபால்கனில் 164 குதிரைத்திறன் கொண்ட வி8 வந்தது. ஆனால் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரேக் டிரம் பெரிதானது, சக்கரத்துக்கு 4 போல்ட்டுக்குப் பதில் 5 வந்தது, பின் ஆக்சிலும் வலுவானது. தொழிற்சாலையே மொத்தமாக மாற்றியபோது, கேரேஜில் இன்ஜினை மட்டும் மாற்றுவது என்ன நியாயம்? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இந்தக் கணக்கு பழைய கார் என்று சலுகை தராது.

அப்போ எந்த வரிசையில் செய்வது?

1. தரைத்தகடு: இந்த காருக்குத் தனி சட்டகம் கிடையாது, உடம்பே எலும்புக்கூடு. சீட் பெல்ட்டின் போல்ட் இறங்குவதும் இந்தத் தரையில்தான். துருப்பிடித்த தகட்டில் மாட்டிய பெல்ட், மோதும்போது தகட்டோடு பிய்ந்து வரும். வெட்டி எறிந்து, புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள்.

2. பிரேக்: இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள். முடிந்தால் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். டிஸ்க் போட்டால் முன்-பின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

3. பெல்ட், டயர்: தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட், புது ரேடியல் டயர்.

4. வயரிங், பெட்ரோல் குழாய்: எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். கசிந்தால் தீ.

5. இன்ஜின்: காசு மிச்சம் இருந்தால்!

"ஒரிஜினாலிட்டி போயிடுமே?"

நியாயமான ஆதங்கம். பழைய பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இருக்கிறது, டிஸ்க் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளித்தோற்றம் அப்படியேதான் இருக்கும். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அருங்காட்சியகத்துக்கே கொடுத்தாலும் திரும்ப மாட்டிவிடலாம். கண்காட்சியில் மட்டும் நிற்கும் கார் என்றால் எதையுமே மாற்ற வேண்டாம். குழந்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து ரோட்டில் ஓட்டும் கார் என்றால், பேச்சே வேறு.

உண்மையைச் சொன்னால், இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகும் செலவு வி8 இன்ஜின் செலவில் ஒரு சின்னத் துண்டுதான். அது வீடியோவில் சத்தம் போடாது, அதனால்தான் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அந்தப் பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். 90 குதிரைத்திறனிலேயே ஃபால்கன் ஜாலியாக ஓடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்யும்.