மொழி நுழையா முறைமன்றம்

ஆட்சியும் முறையும் கற்பிக்க மாணவரைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லுதல் நன்றே. ஆனால், கட்டடத்தைக் காட்டுவது மட்டும் கல்வியாகுமா?

நரிக்குடிப் பிள்ளைகளை முதற்கண் அருப்புக்கோட்டை வழக்குமன்றத்தில் அமர்த்துக. கண்மாய் நீருக்கும் வரப்பெல்லைக்கும் வழக்காடும் உழவன் அங்குத் தன் தாய்மொழியிலேயே சான்றுரைப்பான், பிள்ளைகளும் உணர்வர். பின்னர், 2004-இல் திறக்கப்பெற்ற மதுரை உயர்முறைமன்றக் கிளைக்கு அழைத்துச் செல்க. அவ்வழக்கே மேன்முறையீடாக அங்கு வரின், வழக்குரையும் தீர்ப்பும் ஆங்கிலத்திலேயே எழும். வழக்குக்குரியவன் வாயற்று நிற்பான். தமிழ் வளர்த்த மதுரையில் இந்நிலை!

கணக்குக் காட்டாதவன் ஊர் வாரியத்துக்கு ஆகான் என்னும் நெறியை 921-ஆம் ஆண்டிலேயே தமிழில் பொறித்து வைத்தது உத்தரமேரூர்க் கல்வெட்டு. ஆட்சிக்கும் முறைக்கும் அன்றே போதிய மொழி, இன்று போதாதாம்!

குடியரசுத் தலைவர் இசைந்தால் உயர்முறைமன்றத்தில் மாநில மொழி புகலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு. அவ்வழியே இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் மன்றங்களில் இந்தி புகுந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் வேண்டியும் தமிழுக்கு இசைவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைபட்டது?

இவ்வினாவோடு ஊர் திரும்பும் பிள்ளையே கற்ற பிள்ளை. ஆசிரியப் பெருமக்களே! மன்றத்தைக் காட்டுங்கள்; வினவவும் பழக்குங்கள்!